சிக்னலும் துணி சோப்பும்

திண்டிவனத்தில் பொய் சொல்லத் தெரியாத முகம் ஒன்றே ஒன்றுதான். எங்கள் தெருப் பந்தல்காரனுடையது. வாய் மட்டும் வண்டி வண்டியாகப் பொய் சொல்லும். ஒரு மடக்கு பிராந்தி உள்ளே போனால் காது வரை சிவந்துவிடும். அதனால் அவன் பெயரே சிக்னல். தெருமுனையில் அவன் வந்து நின்றதும் ஷேர் ஆட்டோ ஒன்று பிரேக் போட்டதை நானே பார்த்தேன்.

அவன் சம்சாரம் செல்வி, விழுப்புரத்தில் ஒரு டாக்டரிடம் அவனை இழுத்துப் போனாள். துணைக்கு எதிர்வீட்டு ஆயா நான்.

"வெக்கத்துல செவக்குது சார்" என்றான் சிக்னல்.

"வெக்கம் இல்லய்யா. சரக்கு உள்ள போனா உடம்புல ஒரு விஷமா மாறும். அத முறிக்கிற சக்தி சில பேருக்குப் பொறப்புலயே கம்மி. விஷம் தங்கி, ரத்தக்குழாய் விரிஞ்சு, மூஞ்சி செவக்குது. குடிக்காதன்னு உடம்பே சொல்லுது."

திரும்பும்போது பஸ்ஸிலேயே செல்வி தீர்ப்புச் சொன்னாள். "இன்னொரு தபா செவந்துச்சு, காணையில இருக்கிற எங்கம்மா வூட்டுக்குப் போயிருவேன். வரவே மாட்டேன்."

அவள் இல்லாமல் சிக்னலுக்குச் சட்டைப் பொத்தான்கூடப் போடத் தெரியாது. குடியை விட்டானா? முகத்தை மறைத்தான். சித்திரை வெயிலில் குரங்குக் குல்லா. பல்வலி என்று துண்டைச் சுற்றிக்கொண்டு, அதற்குள்ளேயே சோறு தின்றான்.

ஆடியில் ஒரு மத்தியானம், முகம் முழுக்க மஞ்சளை அப்பிக்கொண்டு வந்தான்.

"இன்னாய்யா வேஷம்?" என்றாள் செல்வி.

"திருவக்கரை அம்மனுக்கு வேண்டுதல்."

செல்வி பையில் புடவையை அடுக்க ஆரம்பித்தாள். நான் அவளுக்குக் கண்ணடித்துவிட்டு, அவன் கையில் துணி சோப்பைக் கொடுத்தேன். "கழுவிக்கினு வாடா, பாத்துடலாம்."

ஆலத்தி கரைக்கிற பெண்களுக்குத் தெரியும், மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும். துணி சோப்பும் அதே வேலையைச் செய்யும். பந்தல் மட்டும் போடுகிறவனுக்கு எங்கே தெரியும்? தேய்க்கத் தேய்க்க முகம், கை, நுரை எல்லாம் சிவப்பு.

"ஐயோ ஆயா! விஷம் வெளிய வந்துக்கினு இருக்குது! கையும் குடிச்சிருச்சு ஆயா!"

"இனிமே தொடமாட்டேன்னு அம்மனுக்கு ஜல்தி சத்தியம் பண்ணுடா!"

செய்தான். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து தேய்த்தேன். சிவப்பு இறங்கி மஞ்சள் திரும்பியது. என் காலில் விழுந்து அழுதான். செல்வி பைக்குள் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள். புடவைகள் பீரோவுக்குத் திரும்பின.

இன்றுவரை தொடவில்லை. கல்யாண வீட்டில் ஆலத்தித் தட்டைக் கண்டாலே பந்தக்காலுக்குப் பின்னால் ஒளிகிறான். சோப்பு விஷயத்தை நான் சொல்லப்போவதில்லை. இப்போதும் அந்த முகம் சிவக்கத்தான் செய்கிறது. நாலு பேர் எதிரில் செல்வி, "சாப்ட்டியாய்யா?" என்று கேட்கும்போது. அதற்கு டாக்டர் வேண்டாம்.