கம்ப்யூட்டர் இருமிய கதை

கண் தெரிந்தவர்கள் கம்ப்யூட்டர் வாங்கப் போனால் முகத்தைப் பார்ப்பார்கள். திரை பெரிதா, மூடி பளபளக்கிறதா என்றெல்லாம். எங்களுக்குக் குரல்தான் முகம். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் என்ன குரலில், எந்த வேகத்தில், எவ்வளவு மரியாதையாகப் பேசுகிறது என்பதை வைத்துத்தான் அந்தக் கம்ப்யூட்டரோடு குடித்தனம் நடத்தலாமா என்று முடிவு செய்வோம். நான் ஒரே நேரத்தில் இரண்டு குரல்களுக்கு ஆசைப்பட்டவன். அதன் பலனை இன்றும் ஒவ்வொரு முறை இருமும்போதும் அனுபவிக்கிறேன்.

எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. ராஜபாளையத்தில் அத்தாவின் லுங்கிக் கடை மூலையில் உட்கார்ந்து, விண்டோஸை நானே தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டேன். ஸ்கிரீன் ரீடரை நான் ஓட விடுகிற வேகத்தைக் கேட்டு அம்மா அடுப்படியிலிருந்து சத்தம் போடுவார்: “ஏலே பஷீரு, அது பேசுதா, கடுகு வெடிக்கிதா?”

என் நிம்மதியைக் கெடுத்தவன் ஸ்ரீவில்லிபுத்தூர் முருகேசன். அவனுக்கும் பார்வை இல்லை. லினக்ஸுக்கு மாறியிருந்தான். புதிதாக மாலை போட்டவர் மாதிரி அதைத் தவிர வேறு பேச்சே கிடையாது. “இன்ஸ்டால் பண்ணும்போதே பேசுதுலே! பத்து பைசா செலவில்ல. ஓட்டை லேப்டாப்புல போட்டாலும் ஓடும். நீ இன்னும் அந்த ஜன்னலயே புடிச்சுத் தொங்கிட்டு இரு” என்பான். “எக்செல்லு, தமிழ் டைப்பிங்கு எல்லாம் எனக்கு இதுலதாம்ல கைப்பழக்கம்” என்பேன். “கைப்பழக்கம்னா மாத்திக்க. கல்யாணமா கட்டியிருக்க?” என்பான்.

விண்டோஸை விட மனசில்லை. லினக்ஸைத் தொடாமலும் இருக்க முடியவில்லை. கடைசியில் ஒரே லேப்டாப்பில் இரண்டையும் குடிவைத்தேன். அப்படி வைத்தால், சுவிட்ச் போட்டதும் ‘எது வேண்டும்?’ என்று ஒரு பட்டியல் திரையில் வரும். அந்தப் பட்டியல் மட்டும் ஊமை. அது வரும்போது எந்த ஸ்கிரீன் ரீடரும் விழித்திருக்காது. வீட்டுக்குள்ளே இரண்டு வாயாடிகள், வாசலில் பேசாத காவல்காரர். அதனால் நான் ஒரு கணக்கை மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன். உள்ளே ஃபேன் ‘உஸ்’ஸென்று அடங்கியதும் சும்மா என்டர் தட்டினால் லினக்ஸ். கீழ் அம்புக்குறியை இரண்டு தட்டு தட்டி என்டர் போட்டால் விண்டோஸ். ஒரு நாளும் தப்பியதில்லை. (அந்தத் திமிர்தான்.)

அந்தச் சமயத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற சுபேதார் ஒருவர், பார்வையில்லாத பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுக்க ஓர் அறை திறந்தார். புதிதும் பழையதுமாகக் கம்ப்யூட்டர்கள் வந்துவிட்டன. எந்தச் சிஸ்டம் போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. யார் வந்து தெளிவாகக் காட்டுகிறாரோ அவரே ஆசிரியர் என்று அறிவித்துவிட்டார். நான் போனில், “ரெண்டையுமே காட்டுதேன் சார்” என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

அத்தா ஒரே வார்த்தைதான் சொன்னார்: “கெடச்சா போ. கெடைக்கலேன்னா ஒழுங்கா கடையில ஒக்காந்து லுங்கி மடி.”

லுங்கி மடிப்பது கேவலமில்லை. ஆனால் நான் மடிக்கும்போதெல்லாம், “பாவம், எம்புட்டு அழகா மடிக்கிது பாரு” என்று ஒரு வாடிக்கையாளராவது உச்சுக் கொட்டாமல் போனதில்லை. அந்த உச்சுக்குப் பயந்து நான் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நடந்தே போகத் தயாராக இருந்தேன்.

கிளம்புகிற அன்று காலையில் முருகேசன் போன் பண்ணினான். “லினக்ஸ அப்டேட் பண்ணிட்டு வா. புதுச்சட்டை போட்ட மாதிரி இருக்கும்.” பண்ணினேன். அந்த அப்டேட் ஊமைப் பட்டியலின் நடுவே புதிதாக ஒரு வரியைச் செருகிவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் அமர்ந்துகொண்டது.

துணைக்கு வந்தவர் சிக்கந்தர் மச்சான். என் அக்கா வீட்டுக்காரர், செருப்புக் கடைக்காரர். பாசத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. பஸ்ஸை விட்டு இறங்கியதும் பால்கோவா வாங்கி, நல்ல காரியத்துக்குப் போகிறோம் என்று என் வாயில் ஒரு கவளம் அப்பினார். அதை மென்றுகொண்டேதான் உள்ளே போனேன்.

மாணவர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். முருகேசனும் அவர்களோடு இருந்தான். சுபேதார் எனக்கு நேர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டார். “ஆரம்பிங்க தம்பி!” அணிவகுப்புக் குரல்.

“முதலில் விண்டோஸ்” என்றேன். ஃபேன் அடங்கியது. இரண்டு தட்டு. என்டர்.

அமைதி.

“இப்போது பேசும்” என்றேன். பேசவில்லை. காத்திருந்தோம். எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அறையில் அமைதி எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

“பேச ஆரம்பிச்சிருச்சாண்ணே?” என்று ஒரு பெண் குரல் கேட்டது. அவள் பெயர் கோதை. “எனக்கு உஸ்ஸுன்னு மட்டும் கேக்குது.”

“அது ஃபேனும்மா.”

“ஃபேன் நல்லாப் பேசுதுண்ணே.”

நான் மச்சான் பக்கம் குனிந்தேன். “மச்சான், திரையில என்ன இருக்கு?”

“நீலமா இருக்கு மாப்ள.”

“என்ன எழுதியிருக்கு?”

“நெறைய எழுதியிருக்கு.”

“வாசிங்க மச்சான்!”

“எல்லாம் இங்கிலீஷு. பொடிப் பொடியா நம்பரு. ஏறிக்கிட்டே இருக்கு. ஏறுது மாப்ள, நல்லா ஏறுது!”

எனக்குப் புரிந்துவிட்டது. நான் தட்டிய இரண்டாவது தட்டில் விண்டோஸ் இல்லை. கம்ப்யூட்டரின் ஞாபக சக்தியைச் சோதிக்கும் நிரல் வந்து உட்கார்ந்திருந்தது. அது ஆற அமர ஓடும். ஒரு சொல் பேசாது. அணைத்துவிட்டு மறுபடி போட்டாலோ, எத்தனையாவது தட்டில் விண்டோஸ் ஒளிந்திருக்கிறது என்று தெரியாது. இரண்டாவது தடவையும் ஊமையானால்? காதுக்குள் ‘பாவம்’ என்ற உச்சுச் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

“என்ன தம்பி, மிஷின் தூங்குதா?” என்றார் சுபேதார்.

அந்த நொடியில் எனக்கு உதித்த யோசனையை நினைத்தால் இப்போதும் உச்சந்தலை கூசுகிறது. ‘பெஞ்சில் இருக்கும் யாருக்கும் கண் தெரியாது, எதிரே இருக்கும் சுபேதாருக்கு மூடி மறைக்கும், என் வாய் அசைவது எவருக்குத் தெரியப் போகிறது?’ (யோசித்தவனும் பார்வையில்லாதவன். காதை வைத்தே பிழைக்கிறவன்.) லேப்டாப் மூடிக்குப் பின்னால் தலையைத் தாழ்த்தி, மூக்கால் பேசினேன்:

“விண்டோஸ் தயார். டெஸ்க்டாப். ஃபோல்டர். லெட்டர் ஒன்று. லெட்டர் இரண்டு.”

சுபேதார் துள்ளினார். “அட! என்ன தெளிவாப் பேசுது!” மூடி என் முகத்தை மறைத்திருந்ததாகப் பிறகு தெரிந்தது. பக்கத்தில் இருந்த மச்சானுக்கு எல்லாமே தெரிந்தது. ஆனால் அவர் விசுவாசி. “ஆமா சார், திரையிலயும் அதேதான் எழுதியிருக்கு!” என்று பொய்ச்சாட்சி சொன்னார்.

பெஞ்சில் ஒரு கிசுகிசுப்பு ஓடியது. அடுத்து முருகேசனின் குரல், தேன் ஒழுக: “பஷீரு, வேகத்தக் கொஞ்சம் கொறச்சுக் காட்டேன்.”

இரண்டு பட்டனை டொக் டொக் என்று தட்டினேன். “விண்… டோஸ்… த… யார்.”

“சபாஷ்!” என்றார் சுபேதார்.

“இப்பக் கூட்டு.”

கடுகு வெடித்தேன். மூச்சு முட்டியது.

“கம்ப்யூட்டருக்கு எளைக்கிதேண்ணே” என்றாள் கோதை. “மலை ஏறி அய்யனார் கோவிலுக்குப் போயிட்டு வந்துச்சா?”

“பொம்பளக் குரல் இருக்கா பஷீரு?” என்றான் முருகேசன். (பாவி.)

அங்கேயாவது நிறுத்தியிருக்க வேண்டும். லுங்கி பயம் விடவில்லை. குரலைக் கீச்சென்று உயர்த்தி, “வணக்கம், ஃபோல்டர் திறக்கப்படுகி…” என்றேன். மச்சான் அப்பிய பால்கோவாவில் மிச்சமிருந்த ஒரு துணுக்கு அந்த நேரம் பார்த்துத் தொண்டைக்குள் இறங்கியது. கம்ப்யூட்டர் இருமியது. சாதாரண இருமலா? பொம்பளைக் குரலில் தொடங்கி, ஆம்பளைக் குரலில் முடிகிற இருமல்.

மச்சானுக்குப் பாசம் பொங்கிவிட்டது. விசுவாசமெல்லாம் மறந்து என் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டி, “தண்ணி குடி மாப்ள, தண்ணி குடி! சார், கொஞ்சம் தண்ணி குடுங்க!” என்று அலறினார்.

அறை வெடித்தது. பெஞ்சு குலுங்கும் சத்தம் இருமலுக்கு நடுவிலும் எனக்குக் கேட்டது. கோதை சிரிப்புக்கு நடுவே கத்தினாள்: “சார், இந்தச் சிஸ்டத்தையே போட்டுருங்க சார்! கரண்டு போனாலும் பேசும்!”

செருப்புச் சத்தம் மேசையைச் சுற்றி வந்து என் பின்னால் நின்றது. சிரிப்பு அடங்கியது.

“தம்பி, இது எந்தச் சிஸ்டம்?”

“ராஜபாளையம், சார்” என்றேன். வேறென்ன சொல்ல?

சுபேதார் சொன்னார்: “பட்டாளத்துல எத்தனையோ பேரப் பாத்துட்டேன். துப்பாக்கி வெடிக்கலேன்னு வாயால டுமீல்னு சொன்னவன் நீதாம்ப்பா.” அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே சிரிப்பு பீறிட்டுவிட்டது. “இந்தப் புள்ளைக இங்க இப்படிச் சிரிச்சு நான் கேட்டதில்ல. அடுத்த வாரம் வா. ஒரு மிஷின்ல ஒண்ணே ஒண்ணு. எதுன்னு முடிவு பண்ணிட்டு வா.”

அடுத்த வாரம் இரண்டு லேப்டாப்போடு போனேன். வேலை கிடைத்தது. புது மிஷின்களில் விண்டோஸ் போட்டோம், பிள்ளைகள் ஆபீஸ் வேலைக்குப் போனால் அதைத்தான் நீட்டுவார்கள் என்பதால். மூச்சு வாங்கும் பழைய மிஷின்களில் லினக்ஸ். எது உசத்தி என்று முருகேசனும் நானும் இன்றுவரை சண்டை போடுகிறோம். வாசலில் ஊமைக் காவல்காரர் கூடாது என்பதில் மட்டும் இரண்டு பேரும் ஒரே கட்சி.

வீட்டில்தான் தப்பிக்க முடியவில்லை. நான் இருமினால் போதும், “சிஸ்டத்துக்குத் தண்ணி!” என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். அத்தாகூட வாடிக்கையாளர்களிடம், “எம்மவன் வாத்தியாரு. பொம்பளக் குரல்லயும் பாடம் எடுப்பான்” என்கிறார்.

என் நிக்காஹ் அன்று, அதை நடத்தி வைத்த ஹஜரத் சம்மதமா என்று கேட்டார். ஜமாஅத்தே காத்திருந்தது. எனக்குப் பதற்றத்தில் சத்தமே வரவில்லை. பின்வரிசையிலிருந்து சிக்கந்தர் மச்சான் பாசம் பொங்க எழுந்தார்:

“செத்த பொறுங்க ஹஜரத்! நீலத்துல நிக்கிது. இப்ப ஏறிரும்!”