ரிஜெக்‌ஷன் பாயின் ஒரு வருஷத் தீர்ப்புகள்

பாலாற்றின் இரு கரையிலும் இன்றைக்கு நடமாடும் ஆசாமிகளில், தான் சொன்னது தப்பு என்று லேசில் ஒப்புக்கொள்ளாதவர் யார் என்று போட்டி வைத்தால், எங்கள் ரிஜெக்‌ஷன் பாய்க்கு எதிராக நிற்க ஆளே கிடைக்காது. அப்படியே யாராவது நின்றாலும், அவரையும் பாய் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுத் தள்ளிவிடுவார்.

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் நான் டிஸ்பாட்ச் பார்க்கிறேன். பாய் அங்கே தோல் செலக்டர். டேனரியிலிருந்து வரும் தோலை ஜன்னலோர மேஜையில் விரித்து, உள்ளங்கையால் தடவி, புரட்டிப் போட்டு, முள் கீறல் இருக்கிறதா, உண்ணி கடித்த தடம் இருக்கிறதா என்று பார்த்து கிரேடு சொல்வது அவர் வேலை. அவர் தள்ளிய தோல் முதலாளியே வந்து சொன்னாலும் திரும்ப மேஜை ஏறாது. சொன்ன கிரேடை ஒரு செலக்டர் மாற்றினார் என்று வெளியே தெரிந்தால், அப்புறம் அவர் கையை யார் நம்புவார்கள்? தோலுக்கு இது நியாயமான சட்டம்தான். பாய் அதை கிரிக்கெட்டுக்கும் நாட்டு நடப்புக்கும் சேர்த்து நீட்டிவிட்டதுதான் எங்கள் தலையெழுத்து.

சென்ற வருஷம் தொடக்கமே அமர்க்களம். இந்திய அணியில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் மட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்குவதை டீக்கடை டீவியில் பார்த்தார். அவன் முதல் பந்தைச் சந்திப்பதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது.

"வயித்துத் தோலு. ரிஜெக்‌ஷன்."

முதுகுப் பக்கத் தோல் உறுதியாக நிற்கும், வயிற்றுப் பக்கம் இழுத்த இழுப்புக்கெல்லாம் வரும் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். அந்த வயிற்றுத் தோல் அன்றைக்கு மைதானத்தின் எல்லாப் பக்கமும் அடித்து நொறுக்கி சதம் போட்டது. மறுநாள் நான் சும்மா இருக்க முடியாமல் போய்க் கேட்டேன்.

"இன்னா பாய், இப்டி ஆய்டுச்சே?"

"நான் சொன்னது கரெக்ட்தான் தோஸ்த். அவன்தான் தப்பா ஆடிட்டான்."

அடுத்து மாட்டியது எங்கள் கம்பெனி எதிரே கட்டிய பஸ் நிழற்குடை. கவுன்சிலர் மாலையும் கழுத்துமாக ரிப்பன் வெட்டிக்கொண்டிருக்கும்போதே பாய் கூரையை அண்ணாந்து பார்த்து, "மொத மழைக்கே ஒழுகும், ரிஜெக்‌ஷன்" என்று உரக்கச் சொன்னார். கவுன்சிலரின் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. முதல் மழை ஷிப்ட் விடும் நேரத்தில் பிடித்துக்கொண்டது. அத்தனை பேரும் அந்தக் கூரைக்கு அடியில்தான் நின்றோம். ஒரு சொட்டு ஒழுகவில்லை. பாய் நட்டநடுவே, தலைமுடி கலையாமல் நின்றார். எல்லோரும் அவரையே பார்த்தோம். அவர் மெதுவாகக் கையை வெளியே நீட்டி, மழையை உள்ளங்கையில் வாங்கி, விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"மழை சரியில்ல" என்றார்.

இவையெல்லாம் யாருக்கும் கெடுதல் செய்யாத கருத்துகள். வினை வந்தது த்ரோபாலில்.

ஸ்டிச்சிங் பிரிவில் மிஷின் ஓட்டும் கலா, தன் லைன் பெண்களைச் சேர்த்து ஒரு த்ரோபால் டீம் ஆரம்பித்தாள். சாயங்காலம் கன்டெய்னர் கிளம்பிப் போனதும் காலியாகும் லோடிங் யார்டில்தான் பிராக்டிஸ். வேலூரில் தொழிலாளர் விளையாட்டுப் போட்டி வருகிறது, அதில் ஆட வேண்டும் என்பது ஆசை. மேனேஜருக்கோ அந்த யார்டில் அட்டைப் பெட்டி அடுக்க ஆசை.

"காலைல தண்ணி புடிக்கறதுலேர்ந்து ராத்திரி பாத்திரம் கழுவற வரைக்கும் எல்லாம் மத்தவங்களுக்குதான் சார். எனக்குன்னு இருக்கறது அந்த அரை மணி நேரம் ஒண்ணுதான்" என்று கலா அவரிடம் கெஞ்சினாள்.

மேனேஜர் தானாக முடிவெடுக்கும் பழக்கம் இல்லாதவர். பாயைக் கூட்டிக்கொண்டு யார்டுக்கு வந்தார். பாய் இடுப்பில் கை வைத்துக் கொஞ்ச நேரம் ஆட்டத்தைப் பார்த்தார்.

"ஸ்லிப்புல ஆளே இல்ல சார்."

"பாய், இது த்ரோபால்" என்றாள் கலா.

"எந்த பாலா இருந்தா இன்னாம்மா? ஆள் நிக்க வேணாமா? ரிஜெக்‌ஷன்."

மேனேஜருக்கு அது போதும். "ஒரு போட்டி ஆடட்டும். கப்போட வந்தா யார்டு அவங்களுது. இல்லன்னா பொட்டிங்களுக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து கலா பாயிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

பாயின் கணிப்புகளில் வழக்கம்போல இதுவும் புரண்டது. டீம் ஃபைனல் வரை போய்விட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை கம்பெனி வேனில் நாங்கள் வேலூர் கிளம்பினோம். "மேல்விஷாரத்துல சொந்தக்காரங்க கல்யாணம், நான் வர்லே. ரிசல்ட்டு தெரிஞ்சதுதானே" என்று பாய் முந்தின நாளே சொல்லியிருந்தார்.

இரண்டாவது செட் பாதியில் என் முதுகுக்குப் பின்னால் ஒரு கத்தல்.

"யோவ் அம்பயர்! கண்ணு தெர்லயா? அது நோ பாலு!"

திரும்பினால் பளபளக்கும் வெள்ளை ஜிப்பாவில், அத்தர் வாசனையோடு பாய்.

"பாய்! கல்யாணம்?"

"அவங்களுக்குள்ள பண்ணிக்குவாங்க. அதுக்கு நான் எதுக்கு?"

எங்கள் ஊர்க்காரர் ஒருவர் கல்யாண பிரியாணியைப் பாதியில் விட்டுவிட்டு பஸ் ஏறுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. ரெஃப்ரி அவரைக் கயிற்றுக்கு வெளியே போகச் சொன்னார். போனவர் காம்பவுண்டு சுவர்மேல் ஏறி நின்று கத்தினார். கடைசிப் பந்துகளில் கலா விழுந்து புரண்டு பிடித்துக்கொண்டே இருந்தாள். இருந்தும் தோற்றுவிட்டோம். பெண்கள் தரையில் உட்கார்ந்து அழுதார்கள். பாய் ஒரு கருத்தும் சொல்லாமல் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார். அவரை அப்படிப் பார்த்தது எனக்கு என்னவோ போலிருந்தது.

வருஷத்தின் கடைசி வேலை நாளில், பாயை சாப்பாட்டு ஹால் நடுவில் உட்கார வைத்து, அவர் சொன்ன தீர்ப்புகளை ஆளுக்கு ஒன்றாக எடுத்து விடுவது எங்கள் வழக்கம். அந்த பேட்ஸ்மேன் வந்தான். "இன்னும் அவன் முழுசா இழுபடல, இருங்க" என்றார் பாய். நிழற்குடை வந்தது. "சரியான மழை இன்னும் பெய்யல" என்றார். மேனேஜர் ரசத்தைச் சட்டையில் கொட்டிக்கொண்டு சிரித்தார்.

கலா மட்டும் சிரிக்காமல் எழுந்தாள்.

"எங்க டீமைப் பத்தி இன்னா சொல்றீங்க பாய்? நாளன்னிக்கு யார்டுல பொட்டி அடுக்கப் போறாங்க."

பாய் எழுந்து போய்க் கை கழுவினார். துடைத்துக்கொண்டு மேனேஜர் முன்னால் வந்து நின்றார்.

"சார், அந்த டீமுக்கு நான் சொன்ன கிரேடு தப்பு."

என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. மேனேஜர் கையிலிருந்த அப்பளம் அப்படியே நின்றது.

"தோத்துட்டுதானே பாய் வந்தாங்க?"

"தோத்தது ஆட்டம் சார். நான் சொல்றது சரக்கு. முட்டி பேந்து ரத்தம் வருது, இந்தப் பொண்ணு பந்தை வுடல. அன்னிக்கி யார்டுல நான் சரியா பாக்காம சொல்லிட்டேன்."

"அப்ப தோலுலயும் இப்டி சரியா பாக்காம தள்ளியிருப்பீங்களா?"

மேனேஜர் விளையாட்டாகத்தான் கேட்டார். பாயின் முகம் சுருங்கிவிட்டது. இத்தனை வருஷமாக அவர் கட்டிக்காத்த பெயர் மொத்தமும் அந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டிருந்தது.

"இருக்கலாம் சார்" என்றார் மெதுவாக. "வேணும்னா நான் தள்ளினதையெல்லாம் வேற ஆளை வெச்சி திரும்பப் பாருங்க. யார்டை மட்டும் அதுங்களுக்குக் குடுத்துடுங்க."

மேனேஜர் அப்பளத்தைக் கீழே வைத்தார். யாரையும் கேட்காமல், தானாகவே, பெட்டிகளைப் பழைய ஷெட்டுக்கு அனுப்பச் சொன்னார்.

பெண்கள் போட்ட சத்தத்தில் பக்கத்து கம்பெனி வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். கலா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் டப்பாவிலிருந்த வடைகளில் ஒன்றை எடுத்து பாயின் கையில் வைத்தாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரு கடி கடித்தார்.

"உப்பு கம்மி" என்றார்.

நானும் அந்த டப்பாவிலிருந்து ஒரு வடை தின்றேன். உப்பு சரியாகத்தான் இருந்தது. ஆனால் அன்றைக்கு அவர் பேச்சை மறுக்க எங்களில் ஒருவருக்கும் மனசு வரவில்லை.