ஏழு கதை, ஏழு பேர்

கடைசிக் குண்டூசியையும் பிடுங்கி டப்பாவில் போட்ட பிறகுதான், அது எதற்காகக் குத்தப்பட்டிருந்தது என்ற கேள்வி கணக்கு டீச்சருக்கு எழுந்தது.

மேஜையின் இடப்பக்கம் ஏழு சிறுகதைகள். எல்லாம் தட்டச்சு செய்தவை, எதிலும் பெயர் கிடையாது. பக்கம் குறைந்தது மேலே, கூடியது கீழே என்று டீச்சர் அடுக்கியிருந்தார். வலப்பக்கம் ஏழு தாள்கள். எழுதியவரின் பெயர், தொழில், தொலைபேசி எண். இவை அகர வரிசையில் இருந்தன. இரண்டு அடுக்கும் பார்க்க அவ்வளவு லட்சணம். எந்தத் தாள் எந்தக் கதைக்கு உரியது என்பதை மட்டும் இனி கடவுள்தான் சொல்ல வேண்டும்.

துரு ஏறிய ஊசி தாளைக் கறையாக்கிவிடுமே என்ற நல்லெண்ணத்தில்தான் செய்தார். இருபது வருடம் விடைத்தாள் அடுக்கிய கை சும்மா இருக்குமா?

பள்ளிக்கூடம் கோடை விடுமுறை விட்டதும், இரண்டு மாத வேலையாக உள்ளூர் எழுத்தாளர் துணை மன்றத்தில் அவர் சேர்ந்து ஒன்பது நாள் ஆகிறது. மன்றம் என்றால் தையல் கடைக்கு மேலே இரண்டு அறை, ஒரு செயலாளர், ஒரு மின்விசிறி. "கணக்குப் போடுறவளுக்குக் கதைக்காரங்ககிட்ட என்ன வேலை?" என்று கணவர் கிண்டலடித்தார். டீச்சர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முதல் நாளே ஏழு கதைகளையும் ஒரே மூச்சில் படித்துவிட்டு, மதியச் சாப்பாட்டையே மறந்து உட்கார்ந்திருந்தவர் அவர். நாம் காய்கறி வாங்கும் தெருவில் இப்படி எழுதுகிற ஏழு பேர் நடமாடுகிறார்களா என்று நினைக்க நினைக்க உடம்பு புல்லரித்தது.

அந்த ஏழில் ஒன்று புத்தகமாகப் போகிறது. நடுவர் பெயர் தெரியாமல் படித்துத் தேர்ந்தெடுப்பார். அதன் பிறகு தாளைப் பார்த்து ஆளைக் கூப்பிடுவார்கள்.

"ஏழு பேர் கட்டாயம் இருக்கணும் டீச்சர்," என்று செயலாளர் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார். "ஒரு ஆள் குறைஞ்சாலும், எழுதுறவங்களே இல்லாத ஊருக்கு எதுக்கு மன்றம்னு, பண உதவி பண்றவங்க இழுத்து மூடிடுவாங்க."

இப்போது அவர் நடுவரை அழைத்துவரப் பக்கத்து நகரத்து ரயில் நிலையம் போயிருக்கிறார். நான்கு மணிக்கு வருவார். கைபேசியை மேஜையில் சார்ஜில் போட்டுவிட்டுப் போயிருந்தார்.

மணி பத்து. ஒருவர் பெற்ற பிள்ளைக்கு இன்னொருவர் இனிஷியல் போடுகிற பாவம் நமக்கு வேண்டாம் என்று டீச்சர் முடிவு செய்தார். முதல் தாளை எடுத்தார். லாரி ஓட்டுநர்.

"வணக்கம் சார், எழுத்தாளர் மன்றத்துலேருந்து பேசுறேன். உங்க கதை விஷயமா..."

"என் கதையா? அதுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல சார். அது எதைப் பத்தின கதைன்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா போதும்."

எதிர்முனையில் ஹாரன் இரண்டு முறை ஒலித்தது. பிறகு குரல் வந்தது. "நீங்க படிச்சீங்களா?"

"எல்லாத்தையும் படிச்சேன்."

"அதுல எது நல்லாருந்துச்சு?"

"எல்லாமே நல்லாருந்துச்சு. கலங்கரை விளக்கத்துல ஒருத்தர் தனியா இருப்பாரே, அதைப் படிச்சிட்டு அழுதே போயிட்டேன்."

"அதான் என்னோடது."

டீச்சர் நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார். அந்தக் கதையை எழுதியவரின் குரல் அல்லவா இது. கதையையும் தாளையும் சேர்த்துப் புது ஊசியால் குத்தினார். ஒன்று முடிந்தது.

அடுத்தது அழகு நிலையம் நடத்தும் அம்மாள்.

"கதையைப் பத்தி எழுதினவங்களே பேசக் கூடாதுங்க," என்றார் அந்த அம்மாள் அவசரமாக. "படிக்கிறவங்கதான் பேசணும்."

எவ்வளவு பெரிய வார்த்தை. டீச்சர் அதைக் குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடும் போட்டார். ஆனால் கதை எது என்று தெரியவில்லை. மூன்றாவது சைக்கிள் கடைக்காரர். "கொஞ்சம் யோசிச்சு சொல்றேங்க," என்று வைத்துவிட்டார். எழுதிய கதையை யோசிக்கவும் வேண்டுமா என்று கணக்கு மூளை கேட்டது. படைப்பாளி என்றால் அப்படித்தான் இருப்பார் என்று டீச்சர் அதை அடக்கினார்.

டீச்சர் பேசி வைக்கும்போதெல்லாம் செயலாளரின் கைபேசி விடாமல் அலறியது. அடுத்தவர் போனை எடுப்பது நாகரிகமில்லை என்று அதன்மேல் ஒரு ஃபைலை எடுத்து வைத்தார்.

பத்து நிமிடத்தில் சைக்கிள் கடைக்காரரே கூப்பிட்டார். "யோசிச்சிட்டேங்க. கலங்கரை விளக்கம்."

"அது லாரி ஓட்டுறவரோட கதைங்களே."

"அவனா எழுதினான்? அவனுக்கு விளக்குன்னா ஹெட்லைட்தான் தெரியும்."

புத்தகமாகப் போவது தன் கதைதான் என்று லாரிக்காரர் எல்லோரிடமும் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. பன்னிரண்டு மணிக்குள் கலங்கரை விளக்கத்துக்கு ஐந்து பேர் உரிமை கொண்டாடினார்கள். அழகு நிலையத்து அம்மாளும், "நான் பேசக் கூடாதுதான், ஆனா அந்த விளக்கு என்னோடது," என்றார். மற்ற ஆறு கதைகளும் கேட்பாரற்றுக் கிடந்தன. அவற்றைப் பார்க்க டீச்சருக்குப் பாவமாக இருந்தது.

தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன? தனக்குத் தெரிந்த ஒரே வழியை டீச்சர் கையில் எடுத்தார். ஏழு பேரையும் இரண்டு மணிக்கு வரச் சொன்னார்.

ஏழு பேரும் நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். லாரி ஓட்டுநர் இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார். சைக்கிள் கடைக்காரர் போட்டோ எடுக்க ஆளும் கூட்டி வந்திருந்தார்.

"எங்க நிக்கணும்?" என்றார்.

"நிக்க வேண்டாம், உக்காருங்க. ஒருத்தருக்கும் இன்னொருத்தருக்கும் நடுவுல ஒரு நாற்காலி விடுங்க." டீச்சர் ஆளுக்கு ஒரு வெள்ளைத் தாள் கொடுத்தார். "அவங்கவங்க கதையோட முதல் பத்தியை ஞாபகத்துலேருந்து எழுதுங்க. அரை மணி நேரம். பக்கத்துல பாக்கக் கூடாது."

ஏழு முகமும் ஒரே சமயத்தில் வாடின. போட்டோ எடுக்க வந்தவர் சத்தம் போடாமல் படியிறங்கிப் போய்விட்டார்.

டீச்சர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். ஏழு எழுத்தாளர்கள் ஒரே அறையில் எழுதுவதை யார் பார்த்திருக்கிறார்கள்? பத்தாவது நிமிடம் மெல்ல எட்டிப் பார்த்தார். லாரி ஓட்டுநர் ஒரு கலங்கரை விளக்கம் வரைந்திருந்தார், சுமாராகவே இருந்தது. சைக்கிள் கடைக்காரர் 'ஒரு ஊரில்' என்று எழுதிவிட்டு, எந்த ஊர் என்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழகு நிலையத்து அம்மாள் தேதி மட்டும் போட்டிருந்தார். பல் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர் கூடுதல் தாள் கேட்டார். டீச்சர் ஓடிப்போய்க் கொடுத்தார். அவர் அதை நான்காக மடித்து விசிறிக்கொண்டார்.

அரை மணி ஆயிற்று. ஏழு தாளிலும் சேர்த்து மொத்தம் பதினொரு சொல் தேறியது.

டீச்சர் தலையில் கைவைத்துக்கொண்டார். இந்தப் பாவி என்ன செய்துவிட்டேன்? மனசிலிருந்து எழுதுகிறவர்களைப் பரீட்சை எழுத உட்காரவைத்து, ஊறிக்கொண்டிருந்த ஊற்றையே அடைத்துவிட்டேனே. ஊசிதான் போயிற்று என்று பார்த்தால் எழுத்தே அல்லவா போய்விட்டது.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ரயில் முன்னதாகவே வந்துவிட்டது. நடுவர் முன்னால் வர, பெட்டியைத் தூக்கிக்கொண்டு செயலாளர் பின்னால் வந்தார். அறைக்குள் ஏழு பேரையும் பார்த்ததும் பெட்டி அவர் கையிலிருந்து நழுவியது.

"இவங்கள யார் கூப்பிட்டா?" என்றார் ஈனக்குரலில்.

"நான்தான் சார்." டீச்சர் எதையும் மறைக்கவில்லை. ஊசி பிடுங்கியது, போன் பேசியது, பரீட்சை வைத்தது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். நடுவர் ஏழு வெள்ளைத் தாள்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார். விளக்குப் படத்தை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, இப்ப எந்தக் கதை யாரோடதுன்னு கண்டுபிடிக்க வழியே இல்லையா?"

"இருந்துச்சு சார், நான்தான் கெடுத்துட்டேன்." டீச்சருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. "இவ்வளவு நல்லா எழுதுறவங்களுக்கு என்னால எழுத்தே வராமப் போயிடுச்சு. இனிமே மன்றத்தை மூடிட்டாங்கன்னா அந்தப் பாவமும் எனக்குத்தான்."

செயலாளர் கைக்குட்டையைத் தேடினார். டீச்சரின் விசும்பல் நிற்கவில்லை. அழகு நிலையத்து அம்மாளுக்குத்தான் அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. எழுந்து வந்து டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அழாதீங்க டீச்சர், எங்களுக்கு எழுத்து இன்னிக்கு வராமப் போகல, என்னிக்குமே வந்ததில்ல. சொந்தக்காரங்களாச்சேன்னு நாங்க ஏழு பேரும் பேரைத்தான் குடுத்தோம், ஏழு கதையையும் எழுதினது, இதோ பெட்டியைப் போட்டுட்டு நிக்கிறாரே, எங்க அண்ணன்தான்."