சிரிப்பான் என்னோடு பேசிய காலை

போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரே ஒரு சோலி. ஒரு குருவியைப் படம் எடுக்க வேண்டும்.

பெயர் சிரிப்பான். நம்ம மலைச் சோலைகளில் திரிகிற பறவை. யாரோ கிச்சுகிச்சு மூட்டின மாதிரி கத்தும். காதுக்குத் தினமும் கிடைக்கும், கேமராவுக்குக் கிடைக்காது. புதருக்குள்ளேயே குடித்தனம் நடத்தும்.

அதை ஏன் எடுக்கப் போனேன்? வாய்தான் காரணம். எங்கள் கொடைக்கானல் போட்டோ குரூப்பில், "சிரிப்பான்தானே? நான் கூப்பிட்டா வரும். முகத்தை இப்படித் திருப்புன்னா திருப்பும்" என்று எழுதிவிட்டேன்.

குரூப் அட்மின் ராஜாமணி. ஏரிப் பக்கம் லாட்ஜ் வைத்திருக்கிறார். என்னைவிட இளையவர், கண்டிப்பானவர். உடனே பதில் போட்டார்:

"அண்ணே, நீங்க சொன்ன சிறுத்தைப் படமும் வரல, யானைக்குட்டிப் படமும் வரல. ஞாயித்துக்கிழமை சாயந்தரத்துக்குள்ள சிரிப்பான் வரணும். இல்லேன்னா குரூப்ல இனிமே நீங்க கதை எழுதக் கூடாது."

சோறு இல்லாமல் இருந்துவிடுவேன். கதை விடாமல் எப்படி இருப்பது?

வெள்ளனே கிளம்பினேன். வீட்டம்மா போர்வைக்குள்ளிருந்து கேட்டாள்.

"இந்தக் குளிர்ல எங்கங்க?"

"ஒரு குருவி வரச் சொல்லியிருக்கு."

"வரும்போது அதையே பால் வாங்கிட்டு வரச் சொல்லுங்க."

பெருமாள்மலை தாண்டி ஒரு சோலை ஓரமாக டிரைபாடைப் போட்டேன். மூட்டம் என்றால் அப்படியொரு மூட்டம். தொப்பியைக் கழற்றி மேகத்தில் மாட்டினேன், விழவில்லை. சந்தேகப்படுகிறவர்கள் சொந்தத் தொப்பியோடு வரலாம்.

எங்கள் குரூப்பில் ஒரு சட்டம் உண்டு. பறவையின் குரலை போனில் ஓடவிட்டு, அதை ஏமாற்றி வரவழைக்கக் கூடாது. பாவம், இன்னொரு பறவை நம்ம இடத்துக்கு வந்துவிட்டதோ என்று அது அலைமோதும். சட்டத்தை எழுதியவரே ராஜாமணிதான்.

நான் சட்டத்தை மதிக்கிறவன். அதனால் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுத்தான் மீறினேன். சிரிப்பான் குரலைப் போட்டு, போனைப் புதருக்குள் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

போன் சிரித்தது.

சரிவுக்குக் கீழே இன்னொரு சிரிப்பு கேட்டது.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. என் போன் சிரிக்கும், கீழே அது சிரிக்கும். இது நிறுத்தும், அது தொடங்கும். இத்தனை மரியாதையாகப் பேசுகிற பறவையை நான் பார்த்ததே இல்லை. எங்கள் வீட்டில்கூட இப்படி முறைவைத்துப் பேசுவது கிடையாது.

இருந்த இடத்திலிருந்து பார்த்தால் வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. வெளிச்சம் பத்தாதே என்று கேமராவில் ஐஎஸ்ஓவை ஏற்றினேன். கேமராவைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சரிவில் தவழ்ந்தேன். ஒரு அட்டை காலில் ஏறியது. ஏறட்டும், கலைக்கு ரத்தம் கொடுக்கிறோம் என்று விட்டுவிட்டேன்.

எதிர்ப் புதர் அசைந்தது. மூச்சை அடக்கி போகஸ் பண்ணினேன்.

சிரிப்பானுக்கு மங்கி குல்லா இருந்தது. மீசை இருந்தது. கையில் என்னுடையதைவிடப் பெரிய லென்ஸ் இருந்தது. நாலு காலில் மேலே ஏறி வந்துகொண்டிருந்தார் ராஜாமணி.

"அண்ணே, அசையாதீங்க. உங்களுக்குப் பின்னால சிரிப்பான் கெடக்கு."

"உங்களுக்குப் பின்னாலயும்தான் கெடக்கு, தம்பி."

மேல்புதர் சிரித்தது. கீழ்ப்புதர் சிரித்தது. சட்டென்று கீழ்ப்புதரில் சிரிப்பு நின்று முருகன் பாட்டு தொடங்கியது.

"தம்பி, உங்க சிரிப்பானுக்கு போன் வருது."

அவர் தரையைப் பார்த்தார். "லாட்ஜ்ல சுடுதண்ணி வரலையாட்டம் இருக்கு."

"சட்டம்னு ஒண்ணு எழுதுனீங்களே?"

"நீங்க நெசமாவே எடுத்துட்டா என்னண்ணே பண்றது? எங்கிட்டயே சிரிப்பான் படம் கெடையாது. அட்மின்னு சொல்லிக்கிட்டுத் திரியறேன்."

அப்போதுதான் வந்தது. நிஜமானது. வெள்ளைப் புருவம், துரு நிற வயிறு. நேராக வந்து என் லென்ஸ் முனையில் உட்கார்ந்தது.

"எடுங்க தம்பி," என்று உதட்டை அசைக்காமல் சொன்னேன்.

அவர் லென்ஸ் கர்ர் கர்ர் என்றது. "இவ்வளவு கிட்டத்துல போகஸ் ஆகாதுண்ணே."

"பின்னால போங்க."

"பின்னால முள்ளு."

"அப்ப போன்ல எடுங்க."

முருகன் பாட்டும் நின்று, இரண்டு போனும் புதருக்குள் மறுபடி சிரித்துக்கொண்டிருந்தன. சிரிப்பான் தலையைச் சாய்த்து இரண்டையும் கேட்டது. எங்களைப் பார்த்தது. பறந்துபோயிற்று.

சாயந்தரம் குரூப்பில் படம் கேட்டார்கள். ராஜாமணி மனச்சாட்சி உள்ளவர். "படம் இல்ல. ஆனா அது அண்ணன் லென்ஸ் மேலயே வந்து உக்காந்துச்சு. என் கண்ணால பார்த்தேன்" என்று எழுதினார்.

"அட்மின் சார், அண்ணன்கூட ரொம்பப் பழகாதீங்க" என்று ஒருவர் பதில் போட்டார். மற்றவர்கள் அதற்குக் கை தட்டினார்கள். தடை எனக்கும் விழுந்தது, பொய்ச்சாட்சி சொன்னதாக அவருக்கும் விழுந்தது. அதனால்தான் இங்கே வந்து உங்களிடம் எழுதுகிறேன்.

நான் இதுவரை சொன்ன கதைகளில் உண்மையாக நடந்தது இது ஒன்றுதான். எடுபடாமல் போனதும் இது ஒன்றுதான்.