மூணுநகலார் பெட்டியில் இருந்த கல்யாணம்

பத்தாவதைத் தாண்டாத நான் பத்திரிகைக்கு எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். மன்னித்துவிடுங்கள். ஆனால் காவிரி பாயும் ஜில்லாவிலேயே கார்பன் தாளைக் காதலித்த ஒரே மனிதரைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

பூதலூரில் புங்கமரத்தடியில் டைப் மிஷினில் மனு தட்டுபவர் மூணுநகலார். எதைத் தட்டினாலும் மூன்று. ஆபீசுக்கு ஒன்று, மனுதாரருக்கு ஒன்று, முத்திரை வாங்கித் தன் தகரப்பெட்டிக்கு ஒன்று. வீட்டு மளிகைச் சீட்டும் மூன்று என்று பேச்சு. குத்தகைத் தகராறில் பண்ணையாருக்கும் அவரே தட்டுவார், குத்தகைக்காரர்களான எங்களுக்கும் அவரே. கேட்டால், "மிஷினுக்கு ஏதுங்க கட்சி?" என்பார்.

எங்கள் கல்யாணம் புரோகிதர் இல்லாமல், மேடை போட்டு, மாலை மாற்றி நடந்தது. பிறகு மலேயா போனோம். கணவர் அங்கேயே வேலையில் இருக்க, அங்கே பிறந்த மகளோடு நான் மட்டும் ஊர் திரும்பினேன். தஞ்சாவூர் ஆபீசில் குமாஸ்தா உதட்டைப் பிதுக்கினார்.

"புரோகிதர் இல்லாத கல்யாணம் செல்லாதும்மா. சட்டப்படி நீங்க கல்யாணம் ஆகாதவங்க. வெளிநாட்டுல பொறந்த புள்ளைக்கு அப்பா வழியா குடியுரிமை வராது. இங்க தங்கக் குடுத்த கெடு முடிஞ்சா திருப்பி அனுப்பிடணும்."

"மூணு வயசுப் புள்ளைய யாரு கூடங்க அனுப்புறது?"

அவர் அடுத்த ஃபைலைப் பிரித்தார்.

நல்லவேளை, ஆட்சி மாறியிருந்தது. அப்படி நடந்த பழைய கல்யாணங்களும் செல்லும் என்று சட்டம் வந்தது. மறுபடி குமாஸ்தாவிடம் ஓடினேன்.

"சரி, நடந்ததுக்கு அத்தாட்சி? வாய்ச்சாட்சி போதாது, எழுத்துல வேணும்."

போட்டோ எடுக்கவில்லை. அழைப்பிதழைக் கரையான் தின்றிருந்தது. கெடுவுக்கு இரண்டே நாள். அழுதுகொண்டே புங்கமரத்தடிக்குப் போனேன்.

"ஒங்க கல்யாணத்துக்கு நான் வரல தங்கச்சி," என்று பெட்டியைக் கிளறினார். "ஆனா பண்ணையார் கணக்குப்பிள்ளை வேலியோரம் நின்னு பாத்தாரே!"

ஒரு தாளை எடுத்துக் கணீரென்று படித்தார். "மேற்படி ஆசாமி மேற்படி பெண்ணுக்குச் சபையறிய மாலையிட்டு, கல்யாணம் என்ற பெயரில் குத்தகை ஆட்களைக் கூட்டி, அவர்களை விட்டு என்னை மூன்று மணி நேரம் மைக்கில் ஏசவைத்தார்..." அடியில் போலீஸ் ஸ்டேஷன் முத்திரை.

"அண்ணே! அப்ப பண்ணையாருக்காக எங்க மேல புகார் எழுதினது நீங்கதானா?"

"நல்லா எழுதியிருக்கேன்ல?"

நீட்டியவர் தாளை விடவில்லை. பெட்டியைப் பார்த்தார், என் இடுப்பில் இருந்த மகளைப் பார்த்தார். "பெட்டியிலேருந்து எதையும் வெளிய விட்டதில்ல தங்கச்சி," என்றார். "புள்ள இங்கேயே இருக்கட்டும்." விரல்கள் விலகின.

குமாஸ்தா இரண்டு முறை படித்தார். "பண்ணையாரே சாட்சியா!" என்று சிரித்து, தாளை ஃபைலில் சேர்த்துக்கொண்டார். மகள் இந்த ஊர்க்காரி ஆனாள்.

மறுநாள் புங்கமரத்தடியில் மூணுநகலார் பண்ணையாருக்காக எங்கள் மேல் புதுப் புகார் ஒன்று தட்டிக்கொண்டிருந்தார். மூன்று நகல்.