கிரில் மாமாவின் தலையாட்டல்

மதிப்பும் பாசமும் மிக்க தங்கை வெலிச்காவுக்கு,

ரூசே நகரிலிருந்து உன் அண்ணன் நெதெல்ச்சோ எழுதுவது. வயிற்றில் நான்கு தையல் நீங்கலாக இங்கு நான் நலம். நீயும் மாப்பிள்ளை காமெனும் உங்கள் முயல்களும் தையல் ஏதுமின்றி நலமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நான் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்ததாக உங்கள் ஊர் வர்னா வரைக்கும் செய்தி வந்துவிட்டதாமே. இழுத்தது உண்மை. அறுபத்தெட்டு வயதில் எதற்கு இழுத்தேன் என்பதை முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் அழு.

தன்யூப் பாலத்துச் சுங்கச் சாவடியில் முப்பத்தொரு வருஷம் மற்றவர்கள் சொல்லும் பொய்யைக் கேட்டே காலம் தள்ளினேன் அல்லவா? ஓய்வு பெற்றதும், பொய் சொல்கிற வேலை கிடைத்தது. செவிலியர் கல்லூரியில் மாணவிகள் பழகுவதற்காக நோயாளிபோல் படுத்துக் கிடக்க வேண்டும். திங்கட்கிழமை குடல்வால், புதன்கிழமை மாரடைப்பு, வெள்ளிக்கிழமை வழுக்கி விழுந்தது. நான் முனகிய முனகலைக் கேட்டு அடுத்த வகுப்பு ஆசிரியை ஒருமுறை ஆம்புலன்ஸுக்கே போன் போட்டுவிட்டார் என்றால் பார்த்துக்கொள்.

இந்த வசந்தத்தில் கல்லூரி முதல்வர் தொதெவா அம்மையார் வெளிநாட்டிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் பொம்மையை வரவழைத்தார். அது மூச்சு விடும், வியர்க்கும், கண்ணீர் உகுக்கும். நம் மொழி பேச அதற்கு வராது. ஆனால் கேட்டது புரியும், பதிலுக்குத் தலையாட்டும். மாணவிகள் அதற்குக் கிரில் மாமா என்று பெயர் வைத்தார்கள். நாடா வெட்டிய அன்றே முதல்வர் என்னைக் கூப்பிட்டார்.

"நெதெல்ச்சோ சார், கிரில் நூத்தி நாப்பது வியாதி காட்டுவார். உங்களால எத்தனை முடியும்?"

"பதினொண்ணு. மூலத்தையும் சேத்தா பன்னெண்டு."

"அதான் பாத்தீங்களா," என்று சொல்லி எனக்கு ஒரு பூங்கொத்து கொடுத்து அனுப்பிவிட்டார்.

நான் போன பிறகு கிரில் ஒரே வாரத்தில் பத்தொன்பது தடவை செத்தார். காரணம் கேள். தலையைப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆமாம், மேலும் கீழும் அசைத்தால் இல்லை என்பது நம் பல்கேரியாவில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். கிரிலைச் செய்த நாட்டிலோ அப்படியே தலைகீழ். மிலியானா என்று ஒரு பெண், ஊசி குத்தினால் குத்தியதே தெரியாத கை அவளுக்கு. "நெஞ்சு வலிக்குதா மாமா?" என்று அவள் கேட்க, கிரில் மேலும் கீழும் தலையசைத்தார். இல்லை என்று குறித்துக்கொண்டு அவள் காலைப் பார்க்கப் போனாள். நான்கே நிமிஷத்தில் கிரில் காலமானார். 'மாணவியின் அலட்சியத்தால் மரணம்' என்று திரையில் சிவப்பு எழுத்து வந்தது. மூன்று மரணம் ஆனால் கடைசித் தேர்வு எழுத முடியாது. மிலியானாவுக்கு இரண்டு ஆகிவிட்டது. நான் மலிவு விலை பீன்ஸ் சூப்புக்காகக் கல்லூரி உணவகத்துக்குப் போவதை நிறுத்தவில்லை. அங்கேதான் இதையெல்லாம் அழுதுகொண்டே சொன்னாள்.

முதல்வரிடம் முறையிட்டார்களாம். "மெஷின் தப்பு பண்ணாது. நீங்கதான் பழகிக்கணும்!" என்றாராம். அவ்வளவுதான், நாற்பது பெண்களும் ஒரு மாதம் நடைவழியில் நின்று தலைகீழாகத் தலையாட்டிப் பழகினார்கள். வீட்டில் அம்மா "இன்னொரு துண்டு பனீத்சா வைக்கட்டுமாடீ?" என்று கேட்டால் மேலும் கீழும் ஆட்டிவிட்டுப் பட்டினி கிடந்தார்கள். ஆனால் கிரிலிடம் எல்லோரும் தேறிவிட்டார்கள், பத்திரிகையில் முதல்வரின் படம் வந்தது, அப்புறம் அந்த நாற்பது பேரையும் நிஜ ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள்.

அதே வாரம் பார்த்து என் பித்தப்பை வீங்கியது. வார்டில் என்னைக் கண்டதும் அந்தப் பெண்கள் கைதட்டினார்கள். "மாமா, பிரமாதம்! முன்னைவிட நல்லா பண்றீங்க!" டாக்டர் வந்து வயிற்றை அமுக்கி, நான் போட்ட கூச்சலில் கூரை அதிர்ந்த பிறகுதான் நம்பினார்கள். அறுவைக்கு முன் மருந்து ஏற்ற மிலியானா வந்தாள். அவளை மேற்பார்வை பார்க்க வேண்டிய மூத்த நர்ஸ், மேற்பார்வை பார்த்ததாக டேப்லெட்டில் பதிந்துகொண்டிருந்தார்.

"மாமா, பென்சிலின் ஒங்களுக்கு ஒத்துக்காதா?"

ராணுவத்தில் அந்த ஊசியால் நான் சாகக் கிடந்தது உனக்கு நினைவிருக்கும். எனக்கோ வாந்தி வருகிற மாதிரி இருந்தது, வாயைத் திறக்க முடியவில்லை. ஆமாம் என்று தலையைப் பக்கவாட்டில் ஆட்டினேன், பலமாக, இரண்டு தடவை. அவள் சிரித்தாள். "நல்லதா போச்சு," என்று சொல்லி ஊசியை என் கைக்குழாயில் பொருத்தினாள்.

அப்போதுதான் வெலிச்கா, அவள் கையைப் பிடித்து இழுத்தேன். போர்வை, தண்ணீர் ஜாடி, நான் எல்லாம் தரைக்கு வந்தோம். "ஒத்துக்காதுடீ! ஒத்துக்காது!" என்று கத்தினேன். ஊசி கட்டிலுக்கடியில் உருண்டு போயிற்று. அந்தப் பெண் தரையில் என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். "கிரில் மாமான்னா பட்டன் அமுக்கி எழுப்பிருவாங்க. உங்களை நான் எப்படி எழுப்புவேன்?" என்றாள். எனக்குக் கோபமே வரவில்லை, சின்ன வயசில் நீ அழுவதுபோல அழுதாள்.

ஊசி விஷயத்தை மறைத்திருக்கலாம், நான் கையை இழுத்ததைத்தான் வார்டில் பார்த்தார்கள். ஆனால் அவள் நேரே முதல்வரிடம் போனாள். "மேடம், இது என் தப்பு, என் பேர்லயே எழுதுங்க. மூணாவதுன்னே வெச்சுக்கங்க. ஆனா ஏன் நடந்துச்சுங்கிறதையும் எழுதுங்க. எழுதுவீங்களா?" முதல்வர் தலையாட்டினார். அதற்கு என்ன அர்த்தம் என்று அறையில் இருந்த ஒருவருக்கும் விளங்கவில்லை.

மறுநாள் விளங்கிற்று. கிரிலின் கழுத்தில், எலும்பு முறிந்தவர்களுக்குப் போடுகிற பட்டையை இறுக்கமாகக் கட்டிவிட்டார்கள். தலையாட்டலை நம்பாதீர்கள், வாய் வார்த்தையாகக் கேளுங்கள் என்று வார்டுக்கு உத்தரவு போயிற்று. மிலியானாவை நீக்கவில்லை. அறுவை நல்லபடி முடிந்து நான் வீடு வந்த பிறகும் என் தையலுக்கு அவள்தான் தினமும் வந்து மருந்து வைக்கிறாள்.

என்றாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பூங்கொத்து கொடுத்து என்னை விரட்டிய அந்த இயந்திரம் இருக்கும் கட்டடத்தில் இனி என் செருப்புகூட நுழையாது. முதல்வரே வந்து காலில் விழுந்தாலும் சரி.

உன் திராட்சைக் கொடிமேல் ஆலங்கட்டி விழாதிருக்கட்டும், மாப்பிள்ளையின் முழங்கால் மழைக்கு முன்னறிவிப்புச் செய்வதை நிறுத்தட்டும் என்று வாழ்த்தி,

உன் அண்ணன்,
நெதெல்ச்சோ

பி.கு.: உறையை ஒட்டும்போது முதல்வர் போன் செய்தார். கிரிலுக்கு நம் மொழியில் குரல் வைக்கப் போகிறார்களாம், முனகல் நன்றாக வருகிற ஆள் வேண்டுமாம். காலில் ஒன்றும் விழவில்லை; "வர்றீங்களா?" என்றுதான் கேட்டார். அதற்குள் "வர்றேன்" என்று சொல்லிவிட்டேன். நாளைக் காலை ஒன்பது மணிக்குப் பதிவு. இருமிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கிரிலைப் பற்றி நான் எழுதியதை யாரிடமும் சொல்லாதே, இதைக் கிழித்துப் போட்டுவிடு. போகும்போது அவருக்கு என் கம்பளி மஃப்ளரை எடுத்துப்போகலாம் என்றிருக்கிறேன். அந்தப் பட்டை கழுத்தை அறுக்கும், பாவம்.