ஹார்ட் டிஸ்கின் தகுதிகாண் பருவம்

பெரம்பலூரில் எங்கள் தெருவில் இப்போது பெரிய மனிதர் என்றால் வீட்டில் சர்வர் இருக்க வேண்டும். ஓட்டல் சர்வர் அல்ல. வீட்டுப் படங்களையும் வீடியோக்களையும் ஹார்ட் டிஸ்கில் போட்டு வைத்துக்கொண்டு, எந்நேரமும் பச்சை விளக்கு எரியும் பெட்டி. முன்பு காரைக் காட்டிப் பீற்றிக்கொண்டவர்கள் இப்போது விருந்தாளியை நேரே பெட்டியிடம் அழைத்துப் போகிறார்கள். காப்பி பிறகுதான் வரும்.

அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருக்கும் முத்துவேலும் ஒன்று வைத்திருந்தார். அதில் அவர் மகள் லாவண்யாவின் கல்யாண வீடியோ இருந்தது. அந்தக் கல்யாணத்தில், முத்துவேலின் மனைவி ஜெயசித்ராவின் தம்பி சின்னதுரை, மைக்கைப் பிடித்து அக்காவைக் கேலி செய்து பேசியிருந்தான். மறு வருடம் அவன் இறந்துபோனான். அவன் குரலைக் கேட்க ஜெயசித்ராவுக்கு அந்த வீடியோ ஒன்றுதான் மிச்சம். அடிக்கடி அதைப் போட்டுக் கேட்பார்.

இந்நிலையில் ஹார்ட் டிஸ்க் டக் டக் என்று சத்தம் போட ஆரம்பித்தது. முத்துவேல் புதிது ஒன்று வாங்கினார். அதுவரை அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

புது டிஸ்கை சர்வரில் சேர்க்கும் முன் 'ஸ்ட்ரெஸ் டெஸ்ட்' செய்ய வேண்டும் என்று இணையத்தில் ஒரு கட்டுரை சொன்னது. டிஸ்க் முழுக்க எதையாவது எழுதி, திரும்பப் படித்து, பழுது இருக்கிறதா என்று பார்ப்பது, அவ்வளவுதான். கட்டுரையும் அதைத் தெளிவாகத்தான் சொல்லியிருந்தது. ஆனால் எந்தக் கடிதத்திலும் 'பொருள்' என்ற வரிக்குக் கீழே படித்துப் பழக்கமில்லாதவர் முத்துவேல். இங்கும் தலைப்போடு நிறுத்திக்கொண்டார். ஸ்ட்ரெஸ் என்றால் மன அழுத்தம் என்பது, அலுவலகத்தில் நடந்த மன அழுத்த மேலாண்மைப் பயிற்சியில் தூங்கிக்கொண்டிருந்தபோது அவர் காதில் விழுந்திருந்தது.

ஆக, புதிதாக வந்திருப்பவனுக்கு மன அழுத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். அந்த வேலையில் அவருக்கு நீண்ட அனுபவம் உண்டு.

முதலில் டிஸ்கைத் தகுதிகாண் பருவத்தில் வைத்தார். உறையைப் பிரிக்காமலே, இதுவரை ஏன் எந்த வேலையும் செய்யவில்லை என்று விளக்கம் கேட்டுக் குறிப்பாணை கொடுத்தார். பதில் வரவில்லை. அதைக் கீழ்ப்படியாமை என்று கொண்டு ஆண்டிமடத்துக்கு இடமாற்றம் செய்தார். மஞ்சள் பையில் பஸ் ஏறிப் போன டிஸ்க், அங்கே அவர் அக்கா வீட்டில் முந்திரி மூட்டைகளுக்கு நடுவே பணியில் சேர்ந்தது. பெட்டி படுக்கையை இறக்கி வைப்பதற்குள் எறையூருக்கு மாற்றல் வந்துவிட்டது.

ஜெயசித்ரா பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் கேட்டார்.

"ஏங்க, பழசு கத்துறது வாசல் வரைக்கும் கேக்குது. மொதல்ல தம்பி பேசுறத மட்டுமாவது புதுசுல ஏத்திப்புடுங்களேன்."

"தகுதிகாண் பருவம் முடியாதவன்கிட்ட எப்படிப் பொறுப்ப ஒப்படைக்கிறது? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"பழசு நின்னுபோச்சுன்னா?"

"அதுக்குத்தான் பணி நீட்டிப்பு குடுத்திருக்கேன்ல."

நான் அப்போது அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். அந்த மனிதருக்கு ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருந்தது. காப்பி வருவதற்கு இன்னும் நேரமிருந்ததால் சும்மா இருந்துவிட்டேன்.

பணி நீட்டிப்பில் இருந்த பழைய டிஸ்க் சில நாளிலேயே நின்றுபோனது. திருச்சிக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள். உள்ளே எல்லாம் கீறிப்போய்விட்டது, எதையும் மீட்க முடியாது என்று கைவிரித்துவிட்டார்கள்.

ஜெயசித்ரா அழுதார். முத்துவேலும் கலங்கித்தான் போனார். ஆனால் பணிக்காலத்தில் ஒருவர் இறந்தால் அவர் வாரிசுக்கு வேலை கொடுக்க விதி இருக்கிறது என்பது நினைவுக்கு வந்ததும் தெளிந்துவிட்டார். எறையூரிலிருந்து புது டிஸ்க் வரவழைக்கப்பட்டது. கருணை அடிப்படையில் நியமனம் என்பதால் சோதனை எதுவும் தேவைப்படவில்லை. தெருவையே அழைத்துக் கேசரி கொடுத்து, அதை சர்வரில் சேர்த்தார். பச்சை விளக்கு எரிந்தது. நாங்கள் கைதட்டினோம்.

"இதுல என் தம்பி எங்க இருக்கான்?" என்று ஜெயசித்ரா கேட்டார்.

"எவ்வளவு இடம் காலியா இருக்கு பாரு" என்றார் முத்துவேல்.

ஜெயசித்ரா அவரை விட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"கல்யாணத்துல தம்பி பேசுறப்ப நீங்கல்லாம் போனத் தூக்கிப் பிடிச்சு எடுத்தீங்கல்ல. யாருகிட்டயாவது இருக்குங்களா?"

எடுத்திருந்தோம். ஒருவர் விடாமல் எடுத்திருந்தோம். போனில் இடமில்லை என்று வந்தபோது அதைத்தான் முதலில் அழித்தோம். தினமும் ரோஜாப்பூ போட்டு வரும் காலை வணக்கங்களுக்கு இடம் வேண்டியிருந்தது. அவையெல்லாம் பத்திரமாக இருக்கின்றன.